கையெழுத்திடுவோருக்கு இரண்டு நாள் வகுப்பு: புதுச்சேரியில் கற்றதும் கிடைக்காததும்

கடலூர் சிப்காட் வளாகத்தில் வேதிப்பொருள் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் மேலாளராகப் பணிபுரிகிறேன். என்னை ஆலை மேலாளராக அறிவித்து நிர்வாகம் அரசுக்கு அனுப்பிய படிவத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்டபோது, அதைப் பதவி உயர்வாக மட்டுமே எண்ணி வீட்டுக்கு இனிப்பு வாங்கிச் சென்றேன். அந்த ஒரு கையெழுத்தால் எந்தெந்தச் சட்டங்களின் கீழ் நான் பொறுப்பாளி ஆகிறேன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடந்த பிப்ரவரியில், மேலாளர்கள், இயக்குநர்கள் ஆகியோரின் சட்டப் பொறுப்பும் வணிக அறமும் பற்றிச் சனி, ஞாயிறு இரு நாள்களில் வகுப்பு நடத்துவதாகப் புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையம் அறிவித்திருந்ததைக் கண்டு, 4,500 ரூபாயைச் சொந்தப் பணத்தில் கட்டிச் சேர்ந்தேன். குறைகளையும் எழுதப் போவதால், பதில் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் ஒரு சிறிய மையத்தின் பெயரை இழுப்பது முறையன்று என்று கருதிப் பெயரை விட்டிருக்கிறேன். இத்தகைய வகுப்புகளில் சேர எண்ணுவோர் எதைக் கேட்டுச் சேர வேண்டும் என்பதற்கு இது பயன்பட்டால் போதும்.

இட வசதி பற்றிக் குறை இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவு; முப்பது பேர் அமரக்கூடிய அறை; மதிய உணவு எளிமையாகவும் நன்றாகவும் இருந்தது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளிலிருந்து வந்த சிறுதொழில் உரிமையாளர்கள் பாதிப்பேர். என்னைப்போல் கடலூரிலிருந்து வந்த மேலாளர்கள் ஐந்து பேர். மீதிப்பேர் கணக்குப் பிரிவினர்.

முதல் நாள் காலையை நடத்தியவர் பணி ஓய்வு பெற்ற ஒரு வழக்கறிஞர். திரையில் எதையும் காட்டாமல், கையில் ஒரு தாளும் இல்லாமல், தெளிவான தமிழில் மூன்று மணி நேரம் பேசினார். கட்டணம் முழுவதும் அந்த மூன்று மணி நேரத்திலேயே ஈடாகிவிட்டது என்பது என் மதிப்பீடு. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி நபர் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்த நபருக்கு உடல் இல்லாததால் அதைச் சிறையில் அடைக்க முடியாது. சிறைத் தண்டனை கட்டாயமான குற்றங்களிலும் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்து அபராதம் விதிக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிறைக்குச் செல்லும் உடல் யாருடையது என்ற கேள்வியிலிருந்துதான் அவர் பாடத்தைத் தொடங்கினார்.

ஆலைச் சட்டத்தில் ஆக்குபையர் என்றொரு சொல் உண்டு. ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவரே ஆக்குபையர். கம்பெனியாக இருந்தால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் அந்த இடத்தில் இருக்க முடியும். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் அதிகாரியை ஆக்குபையர் என்று பெயர் குறித்து அனுப்பிவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 1987 திருத்தத்தையும் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அடுத்து அந்த வழி அடைபட்டது. இதைக் கேட்டதும் எங்களில் பலர் நிம்மதி அடைந்ததை முகங்களில் காண முடிந்தது. அந்த நிம்மதியை அவர் நீடிக்க விடவில்லை. மேலாளர் என்று பெயர் குறிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு பொறுப்பு உண்டென்றும், ஆக்குபையர் இருப்பதால் அது குறைவதில்லையென்றும் விளக்கி, போபால் விஷவாயுக் கசிவு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் பதவிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

1984 டிசம்பரில் நடந்த அந்தப் பேரழிவுக்கு விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2010 ஜூன் 7 அன்று. இந்தியக் கிளையின் தலைவராக இருந்தவர், நிர்வாக இயக்குநர் ஆகியோருடன் ஆலை மேலாளர், உற்பத்தி மேலாளர், ஆலைக் கண்காணிப்பாளர், உற்பத்தி உதவியாளர் ஆகியோரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, உயிரோடிருந்த ஏழு பேருக்கும் தலா இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட வழக்கில் இவ்வளவுதானா என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் அன்று அந்த அறையில் இருந்த என் மனத்தில் தைத்தது அந்தப் பட்டியலின் கடைசிப் பதவிதான். தலைவருக்கும் உற்பத்தி உதவியாளருக்கும் ஒரே தண்டனை. மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்ற விடை ஓர் உற்பத்தி உதவியாளரையும் காக்கவில்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தபோது, தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை உள்ளே இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு என் மேசைக்கு வந்தது. வாயு அளவு சரியாக இருப்பதாக அதில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். தொட்டி அருகே போகாமலேயே கையெழுத்திட்டேன். உள்ளே இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கி விழுந்தார். மேலே நின்றவர் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் பிழைத்துக்கொண்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. அந்தச் சீட்டு கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்பட்டது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 1948ஆம் ஆண்டு ஆலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிற்றோடு பிணைத்த இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க வேண்டும் என்றது. வழக்கறிஞர் அந்தத் ‘தாமே’ என்ற சொல்லில் நிறுத்தி, மறுபடியும் ஒருமுறை சொன்னார். இத்தனை ஆண்டுகளாக நான் அதைப் பாதுகாப்பு விதி என்று மட்டும் நினைத்திருந்தேன். கையெழுத்து என்பது சாட்சியம் என்று சட்டம் கருதுவதை அந்த ஒரு சொல்லில்தான் புரிந்துகொண்டேன்.

பிற்பகலில் பணமில்லாமல் திரும்பும் காசோலை பற்றிய பாடம் வந்தது. ஆலைக்காரனான எனக்கு இது தொடர்பில்லாதது என்று நினைத்துத்தான் அமர்ந்திருந்தேன். அறையில் மிகுந்த சலசலப்பை உண்டாக்கியதும் அதுவே. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், திருமணமான ஆண்டிலிருந்து கணவரின் கம்பெனியில் இயக்குநர். ஒருமுறைகூட இயக்குநர் குழுக் கூட்டத்தில் அமர்ந்ததில்லை. வீட்டுக்கு வரும் தாள்களில் கையெழுத்திட்டு அனுப்புவது மட்டும்தான் அவர் வேலை. “சார், நான் கம்பெனி வாசலைக்கூட மிதிச்சதில்லை. செக் திரும்பி வந்தா எனக்கும் பொறுப்பு உண்டுங்களா?” என்று கேட்டார். வழக்கறிஞர், “அம்மா, அந்தச் செக்கில் இருக்கும் கையெழுத்து யாருடையது?” என்றார். “என்னுடையதுதாங்க. அவர் அடிக்கடி வெளியூர் போறதால எனக்கும் அதிகாரம் கொடுத்திருக்காங்க” என்றார் அவர். பிறகு சிறிது நேரம் அறையில் யாரும் பேசவில்லை.

வழக்கறிஞர் அதை அமைதியாக விளக்கினார். இயக்குநர் என்ற பெயர் இருப்பதாலேயே ஒருவரைக் காசோலை வழக்கில் குற்றவாளி ஆக்க முடியாது. கம்பெனியின் அன்றாட நடப்புக்கு அவர் பொறுப்பானவர் என்று புகாரிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஆனால் நிர்வாக இயக்குநருக்கும் காசோலையில் கையெழுத்திட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பணத்தைக் கட்டுவதற்கு இருப்பது 15 நாள் மட்டுமே. அந்த அம்மையார் எல்லாவற்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் மனைவி, தாய், மைத்துனர் என்று எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படும் இயக்குநர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு பாடத்தையாவது ஊர் ஊராக நடத்த வேண்டும் என்று தோன்றுகிறது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் மத்திய அரசு இந்த விதியைக் கொண்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தகுதி நீக்கியபோது, தாம் இயக்குநர் என்பதையே மறந்திருந்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

தொழிலாளியின் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும் என்பதும் அன்று சொல்லப்பட்டது. பணப்புழக்கம் இறுகும்போது முதலில் கைவைக்கப்படுவது இந்தத் தொகைதான் என்பதைத் தொழில் நடத்துவோர் அறிவர். அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று கணக்குப் பிரிவில் சொல்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. பிறருடைய பணத்தை எடுத்துச் செலவழிக்கிறோம் என்ற எண்ணமே அங்கு எழுவதில்லை. அதற்கு அந்தப் பாடத்தில் இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை வேறொருவர் வந்தார். அவர் ஒரு நிறுவனச் செயலர். பாடம் கம்பெனி நிர்வாகத்தில் நல்லாட்சி பற்றியது. திரையில் ஆங்கில வாசகங்கள் ஓடின; அவற்றை அப்படியே படித்துச் சென்றார். சத்யம் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கு விரிவாக வந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதி, வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது எல்லோரும் அறிந்த செய்தி. அதைவிட எங்களுக்கு வேண்டியது அதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று நடந்த கூட்டம். தலைவரின் குடும்பத்தார் கையிலிருந்த இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கும் தீர்மானத்துக்குப் புகழ்பெற்ற சார்பற்ற இயக்குநர்கள் அமர்ந்திருந்த குழு இசைவு தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் அதைக் கைவிட வேண்டி வந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்ன கேட்டிருக்க வேண்டும், எப்போது எழுந்து மறுத்திருக்க வேண்டும் என்பதே பாடமாகியிருக்க வேண்டும். வகுப்பில் அது இரண்டு நிமிடத்தில் கடந்து போயிற்று.

இந்த வகுப்பின் பெரிய குறை அங்குதான் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், தவறுக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்று வரையறுக்கும்போது, விதிமீறல் நடப்பதைக் குழுக் கூட்டத்தின் வழியே அறிந்தும் ஆட்சேபம் தெரிவிக்காமல் இருந்த இயக்குநரையும் சேர்க்கிறது. அதாவது மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஆட்சேபித்தால் அதற்குப் பதிவு வேண்டும். நான் எழுந்து, மறுப்பை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எந்தச் சொற்களில் பதியச் செய்வது, பதிய மறுத்தால் என்ன செய்வது, இயக்குநராக இல்லாத ஓர் ஆலை மேலாளர் தம் மறுப்பை யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஊழியர்கள் முறையிடுவதற்கான ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது என்றார். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவற்றுக்கும், வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவற்றுக்கும்தான் அது கட்டாயம் என்பதைச் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் கம்பெனிகள் இந்த மூன்றிலும் அடங்காதவை. முதலாளியின் அறைக் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வழி இல்லாதவர்களுக்கு எப்படித் தட்டுவது என்று கற்பிப்பதே இத்தகைய வகுப்பின் முதல் கடமை என்று நான் கருதுகிறேன்.

உணவு இடைவேளையில் முதல் நாள் வந்த வழக்கறிஞர் தற்செயலாக அங்கு வந்திருந்தார். அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். தோட்டத்துப் படியில் நின்றபடியே கால் மணி நேரம் விளக்கினார். குறையைத் தேதியோடு எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், இன்ன கருவி இன்ன நாளிலிருந்து பழுது, இன்ன செலவு தேவை, அதுவரை இன்ன வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். நகலுக்கு ஒப்புதல் பெறுங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால் அன்று மாலையே, நீங்கள் சொன்னபடி என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். ஆலைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, உரிய கவனத்தோடு நடந்தேன், என் அறிவுக்கும் சம்மதத்துக்கும் புறம்பாக வேறொருவர் செய்தது என்று மெய்ப்பிக்கும் மேலாளருக்கு விடுதலை தந்தது. அதை மெய்ப்பிக்க இந்தத் தாள்கள்தாம் இருக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில்தான், நான் எதற்காக வந்தேனோ அது கிடைத்தது.

கையேடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆலைச் சட்டத்துக்கு மாற்றாக 2020இல் நிறைவேறிய தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விதிமீறலால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்றும், அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் அது சொல்கிறது. மூன்று மாதம் கழித்து நடந்த வகுப்பில் தந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வழக்கறிஞர் வாய்மொழியாகச் சொன்னதால் தெரிந்துகொண்டோம். 4,500 ரூபாய் வாங்குவோர் புதிய பிரிவு எண்களை ஒரு தாளிலாவது அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசி அமர்வு வணிக அறம். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம். நேர்மை, வெளிப்படைத்தன்மை, நம்பிக்கை என்று வட்டங்களும் அம்புக்குறிகளும் வந்தன. நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சொல்லப்பட்டது. மரம் நடுவது போன்ற படங்கள் காட்டப்பட்டன. கம்பெனிகள் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர் ஒருவர் பங்குதாரர்களின் நலனோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதி நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது. லாபத்தில் ஒதுக்கும் 2 சதவீதத்துக்கு முன்பே நிற்கும் கடமை அது. அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி ஊர்மக்கள், தங்கள் வீடுகளுக்குள் வரும் நெடி என்ன என்று அறிய 2004இல் வாளிகளைக் கொண்டு தாங்களே காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆலைக்குள் இருந்த எங்களைப் போன்றோர் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் வாளி வைத்துக் கண்டுபிடிக்க நேர்ந்தது. 2021 மே மாதம் அதே வளாகத்தில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். புதுச்சேரியிலும் இதற்கான பாடம் தெருவிலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து வரும் பேருந்து முதலியார்பேட்டையில் 2020இல் மூடப்பட்ட ஏ.எப்.டி. பஞ்சாலையைக் கடந்துதான் வருகிறது. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவலர்கள் சுட்டதில் 12 பேர் உயிரிழந்த ஊர் இது. அதற்கு அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கு சட்டமாயிற்று. அறம் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவதற்கு இவற்றைவிட வேறு எடுத்துக்காட்டுகள் தேவையில்லை. வெளிநாட்டுப் படங்களையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், முதல் நாளுக்கு ஐந்தும் இரண்டாம் நாளுக்கு இரண்டும் தருவேன். மையத்தின் பொறுப்பாளரிடம் இந்தக் கருத்துகளை எழுத்தில் கொடுத்தேன்; பொறுமையாகப் படித்து, அடுத்த வகுப்புக்குள் கையேட்டைத் திருத்துவதாகச் சொன்னார். இயக்குநர் பட்டியலில் பெயர் உள்ளவர்களும், ஆலை மேலாளராக அறிவிக்கப்பட்டவர்களும், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர்களும் முதல் நாளுக்காக மட்டுமே சேரலாம். சேருமுன், பாடம் நடத்துபவர் தமிழில் பேசுவாரா, கையேடு புதிய தொகுப்புச் சட்டத்தின்படி உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நியமன ஆணையின் நகலையும், அரசுக்கு அனுப்பிய படிவத்தின் நகலையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தாளைக் காட்டிக் கேட்டவர்களுக்குத்தான் தெளிவான விடை கிடைத்தது.

நான் திரும்பிவந்த திங்கட்கிழமை எங்கள் ஆலையின் தொட்டி இறக்க அனுமதிச் சீட்டில், சோதித்தவர் பெயர், சோதித்த நேரம், கருவி காட்டிய அளவு ஆகிய மூன்றுக்கும் தனிக் கட்டங்கள் சேர்த்தேன். வாயு அளவைத் தாமே பார்த்தவர் மட்டுமே அவற்றை நிரப்ப வேண்டும் என்று தமிழில் அச்சிட்டு, மூன்று ஷிப்ட் பொறுப்பாளர்களிடமும் விளக்கினேன். அவர்களில் இருவரை அடுத்த வகுப்புக்கு அனுப்ப நிர்வாகத்திடம் 9,000 ரூபாய் கேட்டு எழுதியிருக்கிறேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறேன்.